ஜான்ஸ்டன் பவளத்தீவு: ஒரு ஓடுபாதையின் பின்னால் வந்தவை

ஜான்ஸ்டனில் பூர்வகுடிகள் என்று யாருமே இருந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தீவில் பிறகு நடந்த எல்லாமே புரியும். குடிக்க ஆற்றுநீரோ ஊற்றோ கிடையாது, மரமென்று சொல்ல எதுவும் இல்லை, பக்கத்தில் ஊர் இல்லை. ஹவாயின் ஹொனலுலுவிலிருந்து தென்மேற்கே சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக்கின் நடுவே ஒரு பவளத்திட்டு, அதன்மேல் தலைகாட்டிய இரண்டு சின்ன மணல்மேடுகள், அவ்வளவுதான். பெரிய மேட்டின் பரப்பே 46 ஏக்கர். இன்று அதே தீவு ஏறத்தாழ 600 ஏக்கர், பெரும்பகுதி மனிதர் கொட்டி நிரப்பிய பவளக்கல். நடுவில் 9,000 அடி நீள ஓடுபாதை ஒன்று யாரும் பயன்படுத்தாமல் கிடக்கிறது.

ராணுவ விமானத்தளமாக மாறிய தீவுகள் நிறைய உண்டு. தமிழர்களுக்கு உடனே ஞாபகம் வருவது இந்தியப் பெருங்கடலின் தியேகோ கார்சியாவாக இருக்கும், இலங்கைத் தமிழ் அகதிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த இடம். அங்கே தளம் வேண்டும் என்பதற்காக இருந்த மக்களையே வெளியேற்றினார்கள். ஜான்ஸ்டனில் அந்த வேலை தேவைப்படவில்லை. ஆனால் ஆள் இல்லாததாலேயே இந்தத் தீவுக்கு வேறொரு கதி வந்தது. வேறு எந்த ஊரும் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம், ஒன்று விடாமல், இங்கே வந்து சேர்ந்தது. நான் இந்தத் தீவைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டது அதற்காகத்தான்.

முதலில் பறவைகள், பிறகு கடற்படை

பழைய கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1796-இல் சாலி என்ற அமெரிக்கக் கப்பல் இங்கே தரைதட்டியது. 1807-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலான கார்ன்வாலிஸின் தலைவர் ஜான்ஸ்டன் பார்த்ததால் இந்தப் பெயர். 1858-இல் அமெரிக்காவும் ஹவாய் ராஜ்யமும் ஒரே நேரத்தில் உரிமை கொண்டாடின. காரணம் பறவை எச்சம். அந்தக் காலத்தில் அது நல்ல விலைபோன உரம். 1890 வாக்கில் அதைச் சுரண்டி முடித்தாயிற்று, அப்புறம் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

1923-இல் டானஜர் என்ற கப்பலில் வந்த ஆய்வுக்குழு தீவின் பறவைகளையும் செடிகளையும் பதிவு செய்தது. 1926-இல் அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் இதைப் பறவைகளுக்கான சரணாலயமாக அறிவித்தார். இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி நான் சொல்லப்போகும் அணுகுண்டு, நரம்பு வாயு, களைக்கொல்லி எல்லாமே சட்டப்படி ஒரு பறவைகள் சரணாலயத்துக்குள் நடந்தவை. அந்த அந்தஸ்தை யாரும் ரத்து செய்யவில்லை. 1934-இல் ரூஸ்வெல்ட் தீவைக் கடற்படையின் கையில் கொடுத்தார், சரணாலயமும் அப்படியே இருக்கும் என்ற ஏற்பாட்டோடு.

கடற்படைக்கு இது ஏன் வேண்டியிருந்தது? அன்றைய விமானங்களால் பசிபிக்கை ஒரே மூச்சில் கடக்க முடியாது. ஜப்பானோடு போர் வரலாம் என்ற நிலையில் ஹவாய்க்குத் தெற்கிலும் மேற்கிலும் எரிபொருள் நிரப்பவும் ரோந்து போகவும் கால் ஊன்றும் இடங்கள் தேவை. மிட்வே, வேக், பால்மைரா, ஜான்ஸ்டன் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. முதலில் கடல் விமானங்கள் இறங்குவதற்காகக் காயலில் பவளப் பாறைகளை அகற்றி ஆழப்படுத்தினார்கள். தோண்டி எடுத்த பவளத்தை என்ன செய்வது? தீவின் ஓரத்திலேயே கொட்டினார்கள். நொறுக்கிய பவளத்தை நனைத்து உருளை ஓட்டினால் நன்றாக இறுகிவிடும். அதனால் தூர்வாருகிற வேலையும் நிலம் செய்கிற வேலையும் ஒன்றாகவே நடந்தன. பின்னாளில் அறுபதுகளில் இதே முறையில் தீவை மேலும் பெருக்கி, முழுசாகப் புதிதாக இரண்டு தீவுகளையும் உண்டாக்கினார்கள். காயலின் பவளம்தான் அதற்கெல்லாம் விலை. தோண்டிய இடம் போக, கலங்கிய சேறு படிந்தும் பவளம் மூச்சடைத்துச் செத்தது.

1941 ஆகஸ்டில் இது முறைப்படி கடற்படை விமானத்தளம் ஆனது. டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு ஜப்பானிய நீர்மூழ்கிகள் வந்து பல தடவை குண்டு வீசின, எரிபொருள் தொட்டி எரிந்தது, ஆனால் தீவு கைமாறவில்லை. போர் முழுக்க விமானங்களும் நீர்மூழ்கிகளும் எரிபொருள் நிரப்பிப் போகும் நிலையமாக ஓடியது. வடகிழக்குக் காற்று வருடம் முழுவதும் அடிக்கும் இடம் என்பதால் ஓடுபாதையையும் அதே திசையில் போட்டிருந்தார்கள்.

இதுவரைக்கும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. போர்க்காலத்தில் வேறு எந்த நாடாக இருந்தாலும் இதையே செய்திருக்கும். 1948-இல் விமானப்படை பொறுப்பேற்றது. பெரிய விமானங்கள் வந்தபின் இடைநிறுத்தத்தின் தேவை குறையத் தொடங்கியது. நியாயப்படி பார்த்தால் தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியிருக்க வேண்டும். ஆனால் ஓடுபாதை இருக்கிறது, துறை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கேள்வி கேட்க ஊர் இல்லை. இப்படி ஒரு இடம் கையில் இருந்தால் அதற்கு வேலை தேடி வந்துகொண்டேதான் இருக்கும்.

1958: பிகினியில் வேண்டாம், இங்கே வைத்துக்கொள்ளலாம்

டீக், ஆரஞ்ச் என்ற இரண்டு உயர்வான அணுகுண்டுச் சோதனைகள். இரண்டும் 3.8 மெகாடன், ராக்கெட்டில் ஏற்றி மேலே கொண்டுபோய் வெடிக்க வைக்க வேண்டியவை. முதலில் மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினியில் செய்வதாகத்தான் திட்டம். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் சுற்றுவட்டாரத் தீவுகளில் இருக்கும் மக்களின் விழித்திரை கருகிவிடும் என்று கணக்குப் போட்டபின், ஆள் நடமாட்டம் குறைந்த ஜான்ஸ்டனுக்கு மாற்றினார்கள். மார்ஷல் தீவு மக்களைப் பொறுத்தவரை இது சரியான முடிவு, அவர்கள் முந்தைய அணுச்சோதனைகளிலேயே போதுமான அளவு அனுபவித்துவிட்டார்கள்.

ஜூலை 31 நள்ளிரவுக்குச் சற்று முன் டீக் போனது. தீவிலிருந்து தள்ளி வெடிக்க வேண்டியது, ராக்கெட்டின் வழிகாட்டலில் ஏற்பட்ட பிழையால் தீவின் நேர் மேலேயே, சுமார் 77 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. ஹவாயில் இருந்தவர்களுக்கு முன்னறிவிப்பே இல்லை. நடுராத்திரியில் அடிவானம் வெளுத்து, பிறகு சிவந்து படர்ந்ததைப் பார்த்து ஜனங்கள் பயந்துபோனார்கள். பசிபிக்கின் பெரும்பகுதியில் மணிக்கணக்கில் சிற்றலை வானொலித் தொடர்பு கெட்டது. ஆளில்லாத இடம் என்று தேர்ந்தெடுத்த தீவின் விளைவு 1,300 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு நகரத்தை முதல் தடவையாகத் தொட்டது அன்றுதான்.

1962: நான்கு தடவை தவறியது

இந்த வருடத்தைத்தான் நான் மிக விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தீவில் இன்றும் இருக்கிற நஞ்சில் மோசமானது இந்தச் சில மாதங்களில் வந்தது.

ஃபிஷ்போல் என்று பெயரிட்ட சோதனை வரிசை. தோர் என்ற நடுத்தர ஏவுகணையில் அணுகுண்டை ஏற்றி விண்வெளி உயரத்தில் வெடிக்க வேண்டும். ஜூன் 3-ஆம் தேதி முதல் முயற்சி. ஏவுகணை சரியாகத்தான் போனது, ஆனால் ரேடாரில் அதன் தடம் தொலைந்துவிட்டதால் அழிக்க உத்தரவு. ஜூன் 20-ஆம் தேதி இரண்டாவது. ஒரு நிமிடம்கூட முழுசாக ஆகாமல் இன்ஜின் நின்றது, 65-ஆவது விநாடியில் அழித்தார்கள், சிதறிய துண்டுகளில் சில புளூட்டோனியத்தோடு தீவின் மேலேயே விழுந்தன.

ஜூலை 25-ஆம் தேதி நடந்தது இன்னும் மோசம். ஏவுகணை தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. இன்ஜின் கோளாறு, ஏவுதளத்தில் இருந்தபடியே அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டியதாயிற்று. அணுப்பிளவு வெடிப்பு நடக்காது, அதற்கான பாதுகாப்பு குண்டில் உண்டு. ஆனால் குண்டுக்குள் இருந்த புளூட்டோனியம் உடைந்து, எரிந்த எரிபொருளோடு கலந்து ஏவுதளம் முழுக்கப் பரவியது. அடுத்த ஏவுதலுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதமும் படைவீரர்கள் அந்த இடத்தைக் கழுவிச் சுரண்டி மறுபடி கட்டினார்கள். கழிவில் ஒரு பகுதி காயலுக்குள்ளேயே போனது. அக்டோபர் நடுவில் இன்னொரு ஏவுகணையும் வானத்தில் கட்டுப்பாடு இழந்து அழிக்கப்பட்டது, மறுபடியும் தீவில் சிதறல்.

ஆள் இல்லாத தீவு என்று எழுதுகிறவர்கள் அங்கே வேலை பார்த்த வீரர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் ஆளாகவே எண்ணுவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. புளூட்டோனியம் தோலின்மேல் பட்டால் அவ்வளவு ஆபத்தில்லை, தூசியாக மூச்சில் போனால்தான் நுரையீரலில் தங்கிவிடும். அந்தத் தூசி பறக்கிற இடத்தில்தான் அவர்கள் நின்று வேலை செய்தார்கள்.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே வெற்றி பெற்ற ஒன்றுதான் உலகத்துக்குத் தெரியும். ஸ்டார்ஃபிஷ் பிரைம், ஜூலை 9 (ஹவாய் நேரப்படி 8-ஆம் தேதி இரவு 11 மணி), 400 கிலோமீட்டர் உயரம், 1.4 மெகாடன். வெடிப்பிலிருந்து கிளம்பிய காமா கதிர்கள் கீழே வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதி எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிய, அவை பூமியின் காந்தப்புலத்தில் வளைந்து ஓட, அந்த ஓட்டமே ஒரு பெரிய மின்காந்த அதிர்வாகத் தரையை அடைந்தது. ஹொனலுலு இருக்கும் ஒவாஹு தீவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு எச்சரிக்கை மணிகள் தானாக அடித்தன, கவாய் தீவுக்கான தொலைபேசி நுண்ணலை இணைப்பு போனது. இதைவிடப் பெரிய சேதம் விண்வெளியில். வெடிப்பின் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சிக்கிக்கொண்டு ஒரு செயற்கைக் கதிர்வீச்சு வளையமாகவே தங்கிவிட்டன. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல் 1 கெட்டது. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் சில மாதங்களில் செயலிழந்ததற்கும் இதற்குப் பங்கு உண்டு.

1963-இல் வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பிறகாவது தளத்தை விட்டார்களா என்றால் இல்லை. ஒப்பந்தம் முறிந்தால் உடனே சோதனையைத் தொடங்குவதற்குத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றார்கள், தீவைப் பெரிதாக்கிய அறுபதுகளின் வேலை அதனோடு சேர்ந்தது. எதிரி செயற்கைக்கோளை அணுகுண்டால் அழிக்கும் திட்டம் ஒன்றும் 1964-இலிருந்து 1975 வரை இங்கே இருந்தது, இரண்டு தோர் ஏவுகணைகள் தயார் நிலையில் காத்திருந்தன. அப்படி வெடித்தால் தங்கள் செயற்கைக்கோள்களும் சேர்ந்து போகும் என்பதை ஸ்டார்ஃபிஷ் ஏற்கெனவே காட்டியிருந்தது.

நரம்பு வாயு வந்த வழி

1969 ஜூலையில் ஜப்பானியத் தீவான ஓகினாவாவின் அமெரிக்கக் கிடங்கில் சாரின் என்ற நரம்பு வாயு கசிந்து இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பாதிக்கப்பட்டார்கள். அங்கே ரசாயன ஆயுதம் இருப்பதே ஓகினாவா மக்களுக்கு அப்போதுதான் தெரியும். பெரிய போராட்டம். எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். சரி, எங்கே கொண்டுபோவது? ஒரெகன் மாநிலத்துக்கு என்று முதலில் திட்டம். அங்கே இருந்தவர்களும் எதிர்த்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் ஓகினாவா ஆயுதங்களை 50 மாநிலங்கள் எதற்குள்ளும் கொண்டுவரக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது.

ஜான்ஸ்டன் அமெரிக்காவின் கையில் இருக்கிறது, ஆனால் எந்த மாநிலத்திலும் இல்லை. அதற்கு ஆளுநர் இல்லை, செனட்டர் இல்லை, வாக்காளர் இல்லை. 1971-இல் சாரினும், இன்னொரு நரம்பு நஞ்சான வி.எக்ஸும், தோலைக் கொப்புளிக்க வைக்கும் மஸ்டர்ட் வாயுவும் நிரப்பிய குண்டுகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின.

அடுத்த வருடமே ஏஜென்ட் ஆரஞ்ச். வியட்நாமில் காடுகளின் மேல் தெளித்த களைக்கொல்லி, டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்தது, 1970-இல் பயன்பாட்டை நிறுத்தியபின் மிச்சம். 25,200 பீப்பாய்கள், ஐம்பது லட்சம் லிட்டருக்கு மேல், 1972-இல் ஜான்ஸ்டனின் வடமேற்கு மூலையில் அடுக்கப்பட்டன. உப்புக்காற்றில் இரும்பு எவ்வளவு நாள் தாங்கும்? துருப்பிடித்துக் கசிந்தது, மண்ணில் டையாக்சின் இறங்கியது. ஐந்து வருடம் கழித்து, 1977 கோடையில், வல்கானஸ் என்ற டச்சுக் கப்பலில் ஏற்றி தீவுக்கு மேற்கே நடுக்கடலில் எரித்தார்கள்.

1972 ஆகஸ்டில் செலஸ்ட் புயல் வந்தபோது தீவில் இருந்த அனைவரையும் விமானத்தில் ஏற்றி வெளியேற்றினார்கள். நரம்பு வாயுவும் ஏஜென்ட் ஆரஞ்சும் தீவிலேயே இருந்தன. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம் மட்டுமே உள்ள இடத்தில் இவற்றை வைப்பதன் அர்த்தம் என்ன என்று அந்தப் புயலுக்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை, முடிவையும் மாற்றவில்லை.

ரசாயன ஆயுதங்களை அழிக்க ஜேகாட்ஸ் என்ற எரியுலை ஆலை 1990 ஜூன் 30-இல் வேலையைத் தொடங்கியது. இதைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்: அமெரிக்காவின் முதல் முழு அளவிலான ரசாயன ஆயுத அழிப்பு ஆலை இதுதான். பத்து ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான குண்டுகள், ராக்கெட்டுகள், கலன்கள், இரண்டாயிரம் டன்னுக்கு மேல் நஞ்சு, எல்லாம் அழிக்கப்பட்டு 2000 நவம்பரில் வேலை முடிந்தது. தூரத்திலிருந்து இயக்கும் இயந்திரங்களால் குண்டைப் பிரித்து, நஞ்சுத் திரவத்தை ஒரு உலைக்கும், வெடிமருந்தை இன்னொன்றுக்கும், உலோகத்தை மற்றொன்றுக்கும் அனுப்பும் அமைப்பு. அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பிறகு அமெரிக்க மண்ணில் ஆலைகள் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் முதல் ஆலையில்தான் எதிர்பாராத கோளாறுகள் அதிகம் இருக்கும், அந்த முதல் ஆலையை வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் எது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே 1990-இல் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான நரம்பு வாயு பீரங்கிக் குண்டுகள், தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிக்கொண்டு ஜான்ஸ்டனுக்கு வந்தன. அப்போது பசிபிக் தீவு நாடுகள் வாய் திறந்தன: ஐரோப்பாவில் வைத்திருந்த ஆயுதத்தை எரிக்க எங்கள் கடல்தான் கிடைத்ததா? அக்டோபரில் அதிபர் புஷ் ஹொனலுலுவில் அந்நாட்டுத் தலைவர்களைச் சந்தித்து, இப்போது இருப்பதையும் பசிபிக்கில் கண்டெடுப்பதையும் தவிர வேறெதையும் இங்கே கொண்டுவரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். ஜான்ஸ்டனின் வரலாற்றில் வெளியாட்கள் கேட்டு வாஷிங்டன் பதில் சொன்ன அபூர்வமான தருணம் இது. அந்த வாக்கும் காப்பாற்றப்பட்டது, வேலை முடிந்ததும் ஆலையை இடித்தார்கள். யாராவது கேட்டால் எல்லை வகுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அதற்கு முந்தைய முப்பது வருடத்தில் கேட்க ஆள் இல்லை.

இத்தனைக்கும் இந்தத் தீவில் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கி வேலை பார்த்தார்கள். ஹொனலுலுவிலிருந்து மைக்ரோனீசியா போகும் பயணிகள் விமானம் இங்கே நின்று போகும், ஆனால் தீவில் வேலை இல்லாத பயணிகள் இறங்கக் கூடாது. தீவில் இருக்கிறவர்கள் முகமூடியைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

போனபிறகு

2004-இல் விமானப்படை கிளம்பியது. கட்டடங்களை இடித்தார்கள், ஓடுபாதையை மூடினார்கள். புளூட்டோனியம் கலந்த மண்ணை முடிந்தவரை சலித்துப் பிரித்தபின் மிஞ்சியதைத் தீவிலேயே ஏறத்தாழ 25 ஏக்கரில் புதைத்து மேலே சுத்தமான பவளத்தைப் போட்டு மூடினார்கள். புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். இந்தத் தீவின் கரையோ அலை அரிக்காமலிருக்கக் கட்டிய தடுப்புச் சுவரை நம்பி நிற்கிறது, அதைப் பராமரிக்க அங்கே யாரும் இல்லை. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை, செலவு மிச்சம் என்பதைத் தவிர இதற்கு நல்ல காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனால் பறவைகள் திரும்பின. 2009-இல் பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளுக்கான கடல்சார் தேசிய நினைவுச்சின்னத்தில் ஜான்ஸ்டனும் சேர்ந்தது. உலகிலேயே பெரிய சிவப்புவால் வெப்பமண்டலப் பறவைக் குடியிருப்பு இங்கேதான். 2010-இல் புதிய ஆபத்து: மஞ்சள் பித்து எறும்பு, மனிதர்களோடு வந்து சேர்ந்தது. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். தரையில் கூடு வைக்கும் பறவைகளின் கண்ணிலும் அலகிலும் பட்டுக் குருடாகி, கூட்டை விட்டு ஓடின. அமெரிக்க வனவிலங்குத் துறை சிறு சிறு குழுக்களாக ஆட்களை அனுப்பியது. ஆறாறு மாதம், கூடாரத்தில், கடைகண்ணி எதுவும் இல்லாமல் தங்கி, எறும்புக்குப் பிடித்த இரையில் மருந்து கலந்து தீவு முழுக்கத் தூவினார்கள், பிறகு எறும்பு மிச்சம் இருக்கிறதா என்று மோப்ப நாய்களை விட்டுத் தேடினார்கள். 2021-இல் முற்றாக ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதற்குள் சிவப்புவால் பறவைகளின் கூடுகள் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தன. பத்து வருடத்துக்கு மேல் மாறி மாறிப் போய் அங்கே வாழ்ந்த இந்த மனிதர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இந்தத் தீவுக்கு மனிதர்கள் செய்த நல்லவற்றில் இதை நான் முதலில் வைப்பேன்.

2025 மார்ச்சில் விமானப்படை மறுபடியும் வந்தது. ராணுவச் சரக்கை ராக்கெட்டில் ஏற்றி உலகின் எந்த மூலைக்கும் அனுப்பும் சோதனைக்கு ஜான்ஸ்டனில் இரண்டு இறங்குதளங்கள் கட்ட வேண்டுமாம், வருடத்துக்குப் பத்து தடவை வரை இறங்கலாம். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைகளுக்கு நடுவே ராக்கெட் இறங்கினால் என்ன ஆகும் என்று பறவை ஆய்வாளர்கள் கேட்டார்கள், ஹவாயிலும் பசிபிக் தீவுகளிலும் எதிர்ப்பு கிளம்பியது, கையெழுத்து இயக்கம் நடந்தது. ஜூலையில் ஜான்ஸ்டன் திட்டத்தை நிறுத்தி வைத்து வேறு இடங்களைப் பார்ப்பதாகச் செய்தி வந்தது.

நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. வனவிலங்குத் துறை சரணாலயத்தைப் பார்த்துக்கொள்கிறது, ஆனால் தீவின் நிர்வாக அதிகாரம் இன்னும் விமானப்படையிடமே இருக்கிறது. அந்த அதிகாரம் கைமாறாத வரைக்கும், அடுத்த திட்டத்துக்கு இடம் தேடுகிறவர்களின் பட்டியலில் ஜான்ஸ்டனும் இருக்கும்.